முழுங்கினானா, கடிச்சானா? பழ விதைகள் பத்தி நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி, சாப்பாடு முடிஞ்சு என் பையன் சீத்தாப்பழம் சாப்பிட்டுட்டு இருந்தான், அப்போ அவனுக்கு நாலு வயசு. நான் பக்கத்துலயே பாத்திரம் கழுவிட்டு இருந்தேன், திடீர்னு வந்து "அம்மா, மூணு வழுக்கிட்டு உள்ள போயிடுச்சு"ன்னு சொன்னான். எனக்கு கையில இருந்த சோப்பு நுரையோட அப்படியே உறைஞ்சு போச்சு. ஏன்னா சீத்தாப்பழ விதை விஷம்னு சின்ன வயசுலருந்து கேட்டு வளர்ந்தவ நான். உடனே போனை எடுத்து தேட ஆரம்பிச்சேன், ஒரு இடத்துல விஷம்னு இருக்கு, இன்னொரு இடத்துல ஒண்ணும் ஆகாதுன்னு இருக்கு, மூணாவது இடத்துல கண்ணு போயிடும்னு இருக்கு, படிக்கப் படிக்க பயம் கூடிச்சே தவிர ஒரு முடிவுக்கும் வர முடியல.

வழக்கமா பாக்குற குழந்தை டாக்டருக்கு போன் பண்ணேன். அவர் பதறல, திட்டல, ரெண்டே கேள்விதான் கேட்டார். "கடிச்சானா, அப்படியே முழுங்கினானா? முழுங்குறப்போ இருமல் வந்துச்சா?" பையன்கிட்ட கேட்டேன், "கடிக்கலம்மா, வழவழன்னு இருந்துச்சு"ன்னான், இருமலும் இல்ல. "அப்போ பயப்படாதீங்க, ரெண்டு மூணு நாள்ல தானா வெளிய வந்துடும், வாந்தி எடுக்க வைக்காதீங்க, வயித்து வலி இல்ல வாந்தி வந்தா மட்டும் கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார். நான் அன்னிக்கு தூங்கல. ரெண்டாவது நாள் காலையில அவன் ஆய் போனதுல பார்த்தேன், மூணு விதையும் அப்படியே கருப்பா பளபளன்னு, மேல ஒரு கீறல்கூட இல்லாம வந்திருந்துச்சு. வயித்துல இருக்குற அமிலம், குடல்ல இருக்குற என்சைம் எல்லாத்தையும் தாண்டி வந்த விதை, எடுத்து மண்ணுல போட்டா முளைச்சிருக்கும்னு தோணுச்சு.

அந்த டாக்டர் கேட்ட ரெண்டு கேள்விதான் எனக்கு இந்த விஷயத்துல கிடைச்ச பெரிய பாடம். இந்த விதை விஷமா இல்லையான்னு மட்டும் கேட்டா சரியான பதில் கிடைக்காது. விதை உடைஞ்சுதா, எத்தனை போச்சு, சாப்பிட்டது யாரு, வயித்துக்குப் போச்சா இல்ல மூச்சுக்குழாய்க்குப் போச்சா, இதையெல்லாம் சேர்த்துக் கேட்டாதான் எது ஆபத்து எது இல்லன்னு தெரியும். செடியோட பக்கத்துலருந்து யோசிச்சா இது புரியும். பழத்தை இனிப்பா வெச்சிருக்குறதே யாராவது சாப்பிட்டு விதையை வேற இடத்துல கொண்டு போய் போடணும்னுதான், ஆனா விதையை மென்னு தின்னுட்டா அதோட வம்சமே போச்சு, அதனாலதான் நிறைய செடிங்க விதைக்கு வெளிய கெட்டியான ஓடும் உள்ள விஷமும் வெச்சிருக்கு. ஓடு உடையாத வரைக்கும் உள்ள இருக்குறது வெளிய வராது.

சீத்தாப்பழ விதைக்குள்ள அசிட்டோஜெனின்னு சொல்ற வேதிப்பொருள் இருக்கு, இது செல்லுக்குள்ள சக்தி உண்டாகுற வேலையையே தடுக்கக் கூடியது, பூச்சி மருந்து மாதிரி வேலை செய்யும். பேன் போகறதுக்கு இந்த விதையை அரைச்சு தலையில தேய்க்குற பழக்கம் இருக்குறதும் அதனாலதான். எங்க வீட்டுலயே அது நடந்துச்சு. என் தங்கச்சி ஸ்கூல் படிக்குறப்போ தலையில பேன் அதிகமாயிடுச்சுன்னு சித்தி விதையை காயவெச்சு பொடி பண்ணி எண்ணெயில குழைச்சு தேய்ச்சு விட்டாங்க, நல்லெண்ணத்துலதான் செஞ்சாங்க, குளிக்குறப்போ அந்த தண்ணி வழிஞ்சு அவ கண்ணுல இறங்கிடுச்சு. கொஞ்ச நேரத்துல கண்ணு ரத்தமா சிவந்து, இமை வீங்கி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாம அழுதா. கண் டாக்டர் பார்த்துட்டு கருவிழி மேல் தோல் உரிஞ்சிருக்குன்னு சொன்னார், சொட்டு மருந்து போட்டு சரியாக ஒரு வாரம் ஆச்சு. அந்த ஒரு வாரமும் சித்தி அவ பக்கத்தை விட்டு நகரல. அதே விதை, என் பையன் முழுசா முழுங்கினப்போ ஒண்ணும் பண்ணல, பொடியானப்போ கண்ணையே பதம் பார்த்துச்சு. முள் சீத்தாவுக்கும் இதே கதைதான், அந்த விதையையும் அரைக்காதீங்க, கடிக்காதீங்க, தெரியாம கண்ணுல பட்டா கசக்காம ஓடுற தண்ணியில பத்து பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு நேரா கண் டாக்டர்கிட்ட போங்க.

அடுத்தது ஆப்பிள், இதுல தப்பு பண்ணது நானேதான். காலையில அவசரம், ஆப்பிளை நாலா வெட்டி நடுத்தண்டு விதை எல்லாத்தோடயும் மிக்ஸியில போட்டு பால் ஊத்தி அடிச்சு பையனுக்கு கொடுத்துட்டு இருந்தேன், மாசக்கணக்குல. சத்து வீணாகக் கூடாதுன்னு நினைச்சேன். லேசா ஒரு கசப்பு இருக்கும், அவன் குடிக்க அடம் பிடிப்பான், நான் கூட கொஞ்சம் தேன் விட்டு குடிக்க வெச்சேன். சீத்தாப்பழ சம்பவத்துக்கு அப்புறம் உக்காந்து படிக்குறப்போதான் தெரிஞ்சுச்சு, ஆப்பிள் விதையில அமிக்டலின்னு ஒண்ணு இருக்கு, அதை உடைக்குற என்சைமும் அதே விதைக்குள்ளயே தனியா இருக்கு, ரெண்டும் வேற வேற ரூம்ல பூட்டி வெச்ச மாதிரி. விதை முழுசா இருந்தா ரெண்டும் சந்திக்காது. மென்னாலோ மிக்ஸியில அரைச்சாலோ ரெண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு உண்டாகும். ஆமா, அதே சயனைடுதான். நம்ம செல்லு ஆக்சிஜனை பயன்படுத்த முடியாம பண்றதுதான் அதோட வேலை, ரத்தத்துல ஆக்சிஜன் இருக்கும் ஆனா செல்லால அதை எடுத்துக்க முடியாது.

அதைப் படிச்சதும் எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு, அப்புறம் பொறுமையா கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் ஆப்பிள் விதையில அமிக்டலின் 1லருந்து 4 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம். ஒரு கிராம் அமிக்டலின் முழுசா உடைஞ்சா அதிகபட்சம் 59 மில்லிகிராம் சயனைடு வரும். அப்போ ஒரு கிராம் விதையை அரைச்சா அதிகபட்சமா 0.24 மில்லிகிராம் கிட்ட வரும், ஒரு ஆப்பிள்ல அஞ்சு அறை, அறைக்கு சாதாரணமா ரெண்டு விதை, பத்தும் சேர்ந்தாக்கூட ஒரு கிராமுக்கு கம்மிதான். ஐரோப்பிய உணவு பாதுகாப்பு ஆணையம் 2016ல ஒரே நேரத்துல உள்ள போகலாம்னு சொன்ன அளவு, உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். 60 கிலோ இருக்குறவங்களுக்கு அது 1.2 மில்லிகிராம், 15 கிலோ குழந்தைக்கு 0.3 மில்லிகிராம். அதனால பெரியவங்க ஆப்பிள் கடிக்குறப்போ ஒண்ணு ரெண்டு விதை பல்லுல நசுங்கிட்டா அதுக்கு பயப்படவே தேவையில்ல, சின்ன அளவு சயனைடை கல்லீரல்ல இருக்குற ஒரு என்சைம் தயோசயனேட்டா மாத்தி யூரின்ல அனுப்பிடும். ஆனா 15 கிலோ குழந்தைக்கு தினம் தினம் அரைச்சுக் கொடுக்குறது அந்த கோட்டுக்கு பக்கத்துல போய் நிக்குறது மாதிரி, ரெண்டு ஆப்பிள் போட்டிருந்தா தாண்டியும் இருக்கலாம். என் பையனுக்கு ஒண்ணும் ஆகல, அதுக்கு நன்றி. ஆனா அவன் கசக்குதுன்னு சொன்னப்போ நான் கேட்டிருக்கணும், குழந்தை நாக்கு சரியாத்தான் சொல்லுச்சு, தேன் விட்டு மறைச்சது நான்தான். இப்போ நடுத்தண்டை வெட்டி எடுக்காம எந்த ஆப்பிளும் பேரிக்காயும் எங்க மிக்ஸிக்குள்ள போறதில்ல, பத்து செகண்ட் வேலை அது.

இதைவிட எனக்கு வலிச்சது அத்தை விஷயம். அத்தைக்கு கேன்சர் ட்ரீட்மெண்ட் போயிட்டு இருந்துச்சு, நான் கொஞ்ச நாள் கூட இருந்து பார்த்துக்கலாம்னு போயிருந்தேன். தினமும் காலையில தலைவலி, தலைசுத்தல், குமட்டல், எல்லாரும் கீமோ மருந்தோட பக்க விளைவுன்னே நினைச்சோம். ஆனா கீமோ முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகியும் அது அப்படியே இருந்துச்சு, அதுவும் காலையில மட்டும், பத்து மணிக்கு மேல குறைஞ்சுடும். ஒரு நாள் தலைகாணி பக்கத்துல ஒரு கவர் பார்த்தேன், உள்ள பாதாம் மாதிரியே ஆனா கொஞ்சம் குட்டியா, அகலமா, ஒரு பக்கம் இதய வடிவமா இருக்குற பருப்பு. ஒண்ணை எடுத்து முனையில கடிச்சேன், நாக்கு சுருங்குற அளவுக்கு கசப்பு, துப்பிட்டேன். "அத்தை, என்னது இது?"ன்னு கேட்டேன். "ஆப்ரிகாட் பழக் கொட்டைக்குள்ள இருக்குற பருப்புடா கண்ணு, விட்டமின் பி17ஆம், கேன்சர் செல்லை மட்டும் தேடிப் போய் கொல்லுமாம், கசக்குறதுதான் மருந்தாம், தினம் பத்து பன்னெண்டு மென்னு திங்கணும்னு சொன்னாங்க"ன்னாங்க. டாக்டர்கிட்ட சொன்னீங்களான்னு கேட்டேன். "சொன்னா வேண்டாம்னு சொல்லிடுவாரு, அதான் சொல்லல." அவங்க கண்ணுல இருந்த நம்பிக்கையைப் பார்த்துட்டு எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. உயிரோட இருக்கணும்னு ஆசைப்படுறவங்க யாராவது ஒரு கயிறு நீட்டினா பிடிக்கத்தான் செய்வாங்க, அவங்க மேல எனக்கு துளி கோவம் இல்ல, அந்தக் கயிறை நீட்டினவங்க மேலதான்.

அன்னிக்கே கவரோட டாக்டர்கிட்ட போனோம். அவர் அத்தையை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல, "உங்க ஆசை எனக்கு புரியுதும்மா, ஆனா இது மருந்து இல்ல"ன்னு நிதானமா விளக்கினார். விட்டமின் பி17ன்னு ஒரு விட்டமினே கிடையாது. அது அமிக்டலினுக்கும் அதுலருந்து செயற்கையா பண்ண லேட்ரைலுக்கும் வெச்ச விற்பனைப் பேரு. அமெரிக்காவுல 178 கேன்சர் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து சோதிச்சு 1982ல முடிவை வெளியிட்டாங்க, யாருக்கும் கேன்சர் குணமாகல, வியாதி நின்னும் போகல, சில பேருக்கு ரத்தத்துல சயனைடு அளவு ஆபத்தான எல்லைக்குப் பக்கத்துல போயிருந்துச்சு. ஆப்ரிகாட் பருப்புல அமிக்டலின் ஆப்பிள் விதையைவிட பல மடங்கு, ஒரு கிராமுக்கு 14 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், கசப்பு ரகத்துல அதுக்கும் மேல. நான் மேல சொன்ன அந்த ஐரோப்பிய ஆணையம் சொன்னது என்னன்னா, பெரியவங்களே மூணு சின்ன பருப்புக்கு மேல சாப்பிட்டா எல்லையைத் தாண்டிடும், பெரிய பருப்புன்னா பாதிகூட அதிகம், நடக்கப் பழகுற குழந்தைக்கு ஒரு சின்ன பருப்பே எல்லையைத் தாண்டிடும். அத்தை தின்னது பத்து பன்னெண்டு, அதுவும் வெறும் வயித்துல. ஆஸ்திரேலியாவுலயும் நியூசிலாந்துலயும் 2015லயே பச்சை ஆப்ரிகாட் பருப்பு விக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. நிறுத்தின மூணாவது நாள் காலையில அத்தை "இன்னிக்கு தலை சுத்தலடா"ன்னு சொன்னாங்க.

பீச், பிளம், செர்ரி கொட்டைக்குள்ள இருக்குற பருப்பும் இதே ரகம்தான், எல்லாம் ஒரே குடும்பத்துச் செடி. செர்ரி சாப்பிடுறப்போ தவறி ஒரு கொட்டை முழுசா உள்ள போனா கவலை இல்ல, அந்த கெட்டி ஓட்டை உடைச்சு உள்ள இருக்குறதை திங்குறதுதான் கூடாது. அப்போ பாதாம்? அதுவும் அதே குடும்பம்தான், ஆனா நாம திங்குறது இனிப்பு பாதாம், அதுல அமிக்டலின் மிகக் கம்மி. கசப்பு பாதாம் வேற. நல்ல பாதாம் கவர்ல எப்போவாவது ஒண்ணு பயங்கரமா கசக்கும், அதை மரியாதைக்கு முழுங்காதீங்க, துப்பிட்டு வாய் கொப்பளிங்க. ஸ்ட்ராபெர்ரியும் இதே குடும்பம்தான்னு கேட்டு பயந்துடாதீங்க, அது மேல புள்ளி புள்ளியா இருக்குறது தாராளமா சாப்பிடக் கூடியது. ஒரு ஆச்சரியமான விஷயம், அந்த ஒவ்வொரு புள்ளியும் விதை இல்ல, அதுவே ஒரு தனி குட்டிப் பழம், விதை அதுக்குள்ள இருக்கு.

லிச்சி பத்தி தனியா சொல்லணும். அதோட விதையில எம்சிபிஜின்னு சுருக்கமா சொல்ற ஒரு பொருள் இருக்கு, உடம்பு தன் கொழுப்பை எரிக்குறதையும் புதுசா சர்க்கரை உண்டாக்குறதையும் இது தடுத்துடும், ரத்தத்துல சர்க்கரை தடால்னு இறங்கும். அதனால லிச்சி விதையை பொடி பண்றது வறுக்குறது எதுவும் வேண்டாம். சதையிலயும் இது கொஞ்சம் உண்டு, அதுவும் பழுக்காத காய்ல அதிகம். பீகார் முசாஃபர்பூர்ல லிச்சி சீசன்ல குழந்தைங்க காலையில வலிப்பு வந்து மயங்குறது வருஷாவருஷம் நடந்துட்டு இருந்துச்சு, 2014ல ஆராய்ச்சி பண்ணி 2017ல வெளியிட்டப்போ தெரிஞ்சது, நிறைய லிச்சி தின்னுட்டு ராத்திரி சாப்பாடு சாப்பிடாம படுத்த குழந்தைங்களுக்குத்தான் ஆபத்து பல மடங்கு கூடியிருந்துச்சு. பழத்தை ஒதுக்க வேண்டாம், பழுத்ததா பார்த்து அளவா கொடுங்க, ஆனா அதையே சாப்பாடா விட்டுடாதீங்க, ராத்திரி வயிறு நிறைய ஏதாவது கொடுத்துட்டு தூங்க வைங்க.

சாப்பிடலாமான்னு எல்லாரும் கேக்குற மத்த விதைங்க பெரும்பாலும் பிரச்சனை இல்லாததுதான். மாதுளை, திராட்சை, கிவி, டிராகன் பழம், கொய்யா, இதெல்லாம் விதையோடவே சாப்பிடலாம், மாதுளை விதையை துப்புறவங்க நார்ச்சத்தை துப்புறாங்கன்னுதான் சொல்லுவேன். தர்பூசணி விதை உடைச்ச பருப்பு நல்ல சத்து, நூறு கிராம்ல 28 கிராம் புரோட்டீன் இருக்கு. ஆரஞ்சு, எலுமிச்சை விதை கசக்குறது லிமோனின்னு ஒரு பொருளால, ஒண்ணு ரெண்டு உள்ள போனா ஒண்ணும் ஆகாது, ஜூஸ்ல அரைபட்டா ருசிதான் கெடும்.

கொய்யா விதை போய் குடல்வால்ல அடைச்சு அப்பெண்டிசைட்டிஸ் வரும்னு எங்க அப்பா கடைசி வரைக்கும் நம்பினார், அதனாலயே எங்களுக்கு கொய்யாவை விதை நீக்கிட்டுத்தான் கொடுப்பார், பாவம் எவ்வளவு பொறுமையா ஸ்பூன்ல சுரண்டி எடுப்பார். அப்பெண்டிக்ஸ் எடுத்த 1969 பேரோட ரெக்கார்டை ஆராய்ஞ்சு 2011ல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல பழ விதை காரணமா இருந்தது ஒரே ஒருத்தருக்குத்தான். பெருங்குடல் சுவர்ல சின்னச் சின்ன பை மாதிரி புடைப்பு இருக்குறவங்க விதை, கொட்டை திங்கக் கூடாதுன்னு டாக்டர்களே ரொம்ப காலம் சொல்லிட்டு இருந்தாங்க, 47,000 ஆண்களை 18 வருஷம் கவனிச்சு 2008ல வந்த ஆய்வுல அதுக்கும் ஆதாரம் இல்லன்னு ஆயிடுச்சு. அப்பா இருந்திருந்தா இதை படிச்சுக் காட்டியிருப்பேன், அவருக்கு கொய்யா ரொம்பப் பிடிக்கும்.

அதுக்காக அளவே இல்லாமயும் போகக் கூடாது. என் அண்ணன் பையன், ஏழு வயசு, லீவுல ஒரு நாள் முழுக்க தர்பூசணியை விதையோட ஓட்டோட மென்னும் மெல்லாமலும் தின்னுட்டான், தண்ணி குடிக்கல. மூணாவது நாள் ஆய் போக முடியாம ஆசன வாய்ல வலி தாங்காம கத்தினான், ஆஸ்பத்திரியில பார்த்தா விதை எல்லாம் ஒண்ணா சேர்ந்து கட்டியா மலக்குடல்ல அடைச்சிருக்கு. எனிமா கொடுத்தும் வரல, மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தாங்க. சப்பாத்திக்கள்ளிப் பழ விதை, ஓட்டோட திங்குற சூரியகாந்தி விதை இதெல்லாமும் இப்படி அடைச்சுக்கும். விஷமே இல்லாத விதையும் ஒரு கை ரெண்டு கைன்னு ஒரே நேரத்துல போனா இந்த நிலைமை வரும், குறிப்பா குழந்தைங்களுக்கும் வயசானவங்களுக்கும்.

பப்பாளி விதை மிளகு மாதிரி காரமா இருக்கும், காஞ்சுட்டா பார்க்கவும் மிளகு மாதிரியே இருக்கும், மிளகுல கலப்படம் பண்றதுக்கே இதைத்தான் சேர்ப்பாங்க. அந்த காரம் கடுகுல இருக்குற மாதிரி ஒரு பொருளால வருது. கொஞ்சம் வாயில போனா தப்பில்ல, ஆனா கர்ப்பமா இருக்குறவங்க வேண்டாம், குழந்தைக்கு முயற்சி பண்ற ஆண்களும் தினம் ஸ்பூன் ஸ்பூனா எடுக்க வேண்டாம், ஏன்னா குரங்குகள்கிட்ட பண்ண சோதனையில இந்த விதைச் சாறு விந்தணுவைக் குறைச்சிருக்கு. பலாக்கொட்டை பச்சையா வேண்டாம், அதுல புரோட்டீன் செரிமானத்தை தடுக்குற பொருள் இருக்கு, வேக வெச்சாலோ சுட்டாலோ அது செயலிழந்துடும், அப்புறம் தாராளமா சாப்பிடலாம். அவகாடோ கொட்டையை பொடி பண்ணி ஸ்மூத்தியில போடச் சொல்லி வீடியோ சுத்துது, அந்தப் பழத்தை விளைவிக்குறவங்க அமைப்பே கொட்டையை சாப்பிடச் சொல்லி பரிந்துரைக்கல, நான் குப்பையிலதான் போடறேன்.

நாவல் கொட்டை பொடி பத்தி என் மாமனாரால ஒரு அனுபவம் உண்டு. சுகர் மாத்திரை போட்டுட்டே யாரோ சொன்னாங்கன்னு இந்தப் பொடியையும் ரெண்டு வேளை எடுத்துட்டு இருந்தார், ஒரு நாள் சாயந்திரம் வேர்த்து ஊத்தி கை நடுங்கி உக்காந்துட்டார், பார்த்தா சுகர் 58. பொடியாலயா, மதியம் சரியா சாப்பிடாததாலயான்னு பிரிச்சு சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னார், ஆனா மாத்திரையும் பொடியும் சேர்த்து எடுத்தா சுகர் இறங்கலாம், எடுக்குறதை மறைக்காம சொல்லணும்னார். இதுவும் அத்தை கதைதான் ஒரு விதத்துல. பழ விதை ஆபத்துல பாதி, டாக்டர்கிட்ட சொல்லாம இருக்குறதுலருந்துதான் வருது.

இவ்வளவு சயனைடு கதை சொன்னாலும், குழந்தைங்க விஷயத்துல எனக்கு உண்மையான பயம் விஷம் இல்ல, மூச்சுக்குழாய்தான். என் ஃபிரண்டோட பொண்ணு, ரெண்டு வயசு, ஆரஞ்சு சாப்பிட்டுட்டே ஓடுனப்போ திடீர்னு முகம் சிவக்க இருமிச்சு, ரெண்டு நிமிஷத்துல இருமல் நின்னுடுச்சு, சிரிச்சு விளையாட ஆரம்பிச்சுடுச்சு. அப்பாடான்னு எல்லாரும் மறந்துட்டாங்க. நாலு நாள் கழிச்சு சளி மாதிரி, மூச்சுல விசில் சத்தம், ஆன்டிபயாடிக் கொடுத்தாங்க, குறையுற மாதிரி குறைஞ்சு திரும்ப வந்துச்சு. எக்ஸ்ரேவுல ஒண்ணும் தெரியல, ஏன்னா விதை எக்ஸ்ரேவுல பெரும்பாலும் தெரியாது. பன்னெண்டாவது நாள் வேற ஒரு டாக்டர் ஸ்டெத் வெச்சு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி கேட்டுட்டு, வலது பக்கம் மட்டும் காத்து கம்மியா போகுதே, "சாப்பிடுறப்போ எப்போவாவது புரை ஏறுச்சா"ன்னு கேட்டார். அப்போதான் என் ஃபிரண்டுக்கு அந்த ஆரஞ்சு ஞாபகம் வந்துச்சு. டியூப் விட்டுப் பார்த்தா ஊறி உப்பின ஒரு விதை. அதனால சாப்பிடுறப்போ திடீர்னு பயங்கரமா இருமி, அப்புறம் சரியான மாதிரி இருந்தாலும், அடுத்த நாட்கள்ல வீசிங் இல்ல விடாத இருமல் வந்தா அந்த சம்பவத்தை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, அவங்களா கேக்கலன்னாலும் நீங்க சொல்லுங்க.

எங்க வீட்டுல இப்போ பழம் சாப்பிடணும்னா உக்காந்துதான் சாப்பிடணும், ஓடிட்டே படுத்துட்டே கிடையாது. அஞ்சு வயசுக்கு கீழ இருந்தா திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டி, ஆரஞ்சு சுளையை பிரிச்சு விதை எடுத்து, சீத்தாப்பழத்தை சதையை மட்டும் பிசைஞ்சு கொடுக்கணும். சப்போட்டா விதையை மட்டும் யாருக்குமே முழுங்க விடாதீங்க, பெரியவங்களுக்கும்தான், அதோட ஒரு முனையில கொக்கி மாதிரி ஒரு வளைவு இருக்கு, விரலால தடவிப் பாருங்க புரியும், அது தொண்டையில மாட்டிக்கும்.

அடைச்சுக்கிட்டா என்ன பண்றதுன்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்குங்க. குழந்தை சத்தமா இருமிட்டு இருந்தா இருமவே விடுங்க, அதைவிட நல்ல வைத்தியம் இல்ல. சத்தம் வரல, மூச்சு விட முடியல, உதடு நீலமாகுதுன்னா குனிய வெச்சு ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடியால பலமா அஞ்சு தட்டு, வரலன்னா பின்னாடி நின்னு தொப்புளுக்கு மேல கையை மடக்கி வெச்சு உள்நோக்கி மேல்நோக்கி அஞ்சு தடவை அழுத்தணும், திரும்பத் திரும்ப. ஒரு வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்கு வயித்துல அழுத்தவே கூடாது, கவுத்துப் போட்டு முதுகுல அஞ்சு தட்டு, திருப்பி நெஞ்சு நடுவுல அஞ்சு அழுத்து. பக்கத்துல இருக்குறவங்களை ஆம்புலன்ஸுக்கு கூப்பிடச் சொல்லுங்க. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டு தோண்டாதீங்க, இன்னும் உள்ள போயிடும்.

கசப்பு பருப்பையோ அரைச்ச விதையையோ நிறைய சாப்பிட்டுட்டு தலைவலி, தலைசுத்தல், வாந்தி, வேக மூச்சு, குழப்பமா பேசுறது இதுல எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காதீங்க, உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்கு போங்க. சயனைடுக்கு மாத்து மருந்து இருக்கு, ஹைட்ராக்ஸோகோபாலமின், சோடியம் தயோசல்ஃபேட் மாதிரி, ஆனா சீக்கிரம் போனாதான் அது உதவும். போறப்போ என்ன பழம், எத்தனை, மென்னதா முழுங்கினதா, எத்தனை மணிக்கு, குழந்தை எடை எவ்வளவு, இதை ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க, பதட்டத்துல எல்லாம் மறந்துடும். மிச்சம் இருக்குற பருப்பையும் அது வந்த கவரையும் கோவத்துல தூக்கிப் போட்டுடாம கையோட கொண்டு போங்க. அத்தை விஷயத்துல அந்த கவர் இருந்ததாலதான் டாக்டர் உள்ள எத்தனை பாக்கி இருக்குன்னு எண்ணி, எத்தனை நாளா எவ்வளவு போயிருக்கும்னு அஞ்சு நிமிஷத்துல கணக்கு போட்டு, அதுக்கேத்த ரத்தப் பரிசோதனையை அன்னிக்கே எழுதிக் கொடுத்தார்.